தேங்காயெண்ணெய் விட்ட பிரேக்

கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து நுவரெலியா மலைக்குத் தனியாகச் சைக்கிளில் போய்வருவேன் என்றதும் நான் வேலை செய்யும் கந்தோரின் வெள்ளைக்காரத் துரை சிரித்துவிட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

என் சைக்கிளில் கைப்பிரேக் இல்லை. மிதியைப் பின்னுக்கு அழுத்தினால் பின்சில்லு நிற்கும். புறப்படுமுன் அந்தச் சில்லின் நடுவில் பிரேக் இருக்கும் குடத்துக்குள் தேங்காயெண்ணெய் விட்டேன்.

"மெஷின் எண்ணெய் வாங்குங்கோவன்," என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மலையேறி முடித்தேன். தை மாதம். மறுநாள் விடியற்காலை புல்லெல்லாம் உறைபனி. விரல்கள் விறைத்தபடியே இறங்கத் தொடங்கினேன். முதல் வளைவில் பின்னுக்கு மிதித்தேன். பிடிக்கவில்லை, மிதி சும்மா சுழன்றது. ஒரு பக்கம் பள்ளம். மேட்டுப் பக்கத் தேயிலைச் செடிகளுக்குள் சைக்கிளோடு போய் விழுந்தேன்.

கொழுந்து பறிக்க வந்த ஒரு பெண் தூக்கிவிட்டாள். குடத்தோரம் வெள்ளையாகக் கட்டியிருந்ததை விரலால் வழித்துப் பார்த்தாள்.

"தேங்கா எண்ணெயாங்க? இங்க தலைக்கு வைக்கவே அடுப்புல காட்டி உருக்கணுங்க."

கொழும்பில் அது உறைந்து நான் கண்டதேயில்லை. எண்ணெய் இளகிப் பிரேக் பிடிக்கும்வரை சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தேன். பிறகு ஓட்டி வீடு சேர்ந்தேன்.

இப்போது மெஷின் எண்ணெய்தான் விடுகிறேன். இறக்கத்துக்கு முன் சமதரையிலேயே பிரேக்கைப் பிடித்துப் பார்க்கிறேன். "ஏன் திடீரென்டு?" என்று மனைவி கேட்டாள். "சும்மாதான்," என்றேன்.

நான் இதை எழுதியனுப்பும் இந்தப் பத்திரிகையை அவளும் வாசிக்கிறவள்.