வாசம் தெரியாதவன் புகையிலைக் கடை

பைப் புகையிலை வியாபாரத்துல தராசு பொய் சொன்னாக்கூட சமாளிச்சுடலாம். மூக்கு பொய் சொன்னா கடையைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

என் மூக்கு பொய் சொல்லல. பேச்சையே நிறுத்திடுச்சு. ஊரே வாயையும் மூக்கையும் துணியால கட்டிக்கிட்டுத் திரிஞ்சோமே, அந்தக் காய்ச்சல் எனக்கும் வந்துச்சு. காய்ச்சல் போச்சு, இருமல் போச்சு, வாசம் மட்டும் திரும்பி வரல. புதுச்சேரியில பீச்சுக்குப் போற சின்ன வீதி ஒண்ணுல பைப்பும் புகையிலையும் விக்கிற கடை என்னோடது. சுவர் பூரா கண்ணாடி ஜாடி, ஒவ்வொண்ணுலயும் ஒரு புகையிலை. வர்றவங்களுக்கு மூடியைத் திறந்து காட்டி, நானும் மோந்து பாத்து, அதோட குணம் என்னன்னு சொல்றதுதான் என் பொழப்பு. ஜாடியில பேர் ஒட்டியிருக்கு, அது பெரிசில்ல. கடற்கரை ஈரத்துல சரக்கு பூஞ்சை பூத்துப்போச்சா, காஞ்சுபோச்சா, இனிப்பு தூக்கலா இருக்கா, அதை ஒட்டின சீட்டு சொல்லாது. நாக்கு செத்த சமையல்காரர், காது மந்தமான மேளக்காரர் யாராவது இதைப் படிச்சீங்கன்னா கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. நாம எல்லாம் ஒரே கட்சி.

மோந்து வாங்கின வஞ்சிரம்

மூக்கு போனதைக் கண்டுபிடிச்சது நான் இல்ல. எனக்கு ஒரு சந்தேகம், அவ்வளவுதான். கடையில லட்டாக்கியான்னு ஒரு கறுப்புப் புகையிலை உண்டு. விறகுப் புகையில காயவச்சு எடுக்கறது. ஜாடியைத் திறந்தா கருவாடு சுடுற வீடு மாதிரி தெருமுனை வரைக்கும் தெரியும். அன்னிக்குத் திறக்கிறேன், காலி ஜாடியை மோந்த மாதிரி இருக்கு. சரக்குதான் சரியில்லன்னு அனுப்பினவனைப் போன்ல பிடிபிடின்னு பிடிச்சேன்.

அந்த ஞாயித்துக்கிழமை மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போனேன். மீன்காரம்மா ஒரு வஞ்சிரத்தைத் தூக்கி, "காலையில வந்ததுய்யா, மோந்து பாரு"ன்னு மூஞ்சிக்கு நேரா நீட்டிச்சு. நானும் பெரிய மனுசன் மாதிரி மோந்து, தலையாட்டி, வாங்கிக்கிட்டேன். சாரம் ஏரியாவுல எங்க வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்தறேன், உள்ள அடுப்படியில இருந்த என் பொண்டாட்டி மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடி வர்றா. பையை இன்னும் பிரிக்கக்கூட இல்ல. அவ சொன்னா: "புகையிலைக்காரர் மூக்காச்சே, ஏமாற மாட்டாருன்னு உங்கள மீன் வாங்க அனுப்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

கிராம்பு வைத்தியம்

கோரிமேட்டுப் பக்கம் ஒரு மூக்கு டாக்டர்கிட்ட போனேன். உள்ள லைட் அடிச்சுப் பாத்துட்டு, கிராம்பு, காப்பித்தூள், எலுமிச்சந்தோலு மூணையும் தினம் காலையும் சாயங்காலமும் மோந்து பழகுங்கன்னாரு. கொழந்தைய மறுபடியும் அ, ஆவுல உக்கார வைக்கிற மாதிரி. விடாம செஞ்சேன். கல்லாப்பெட்டி மேல கிராம்பு டப்பாவைப் பாத்துட்டு, பிரியாணிக்கும் ஆர்டர் எடுக்கறீங்களான்னு கேட்டவங்ககூட உண்டு.

எனக்கு என்ன போச்சுன்னு பைப் பிடிக்காதவங்களுக்குச் சொன்னாப் புரியாது. சாயங்காலம் கூட்டம் கொறைஞ்சதும் நானே ஒரு பைப் போடுவேன். வர்ஜீனியாப் புகையிலைன்னா வெயில்ல காஞ்ச வைக்கோல், அடியில கொஞ்சம் வெல்லம். பர்லின்னா வறுத்த வேர்க்கடலை. ரெண்டையும் கலந்து மேல ஒரு சிட்டிகை லட்டாக்கியா தூவினா வேற ஒரு ஆளே வந்து உக்காந்த மாதிரி இருக்கும். இன்னிக்கு இது, நாளைக்கு அதுல கொஞ்சம் கூட்டிப் பாக்கலாம்னு, மனுசனுக்கு மறுநாள் எழுந்திரிக்க ஒரு காரணம் இருந்துச்சு. இப்ப எதைப் போட்டு இழுத்தாலும் வாயில வெறும் சூடு. வெந்நீர் குடிக்கறதுக்கு எதுக்குய்யா இத்தனை ஜாடி? ஒரு நாள் பைப்பைக் கையில வச்சுக்கிட்டே அழுதுட்டேன், வெக்கத்தை விட்டுச் சொல்றேன்.

அடுத்த தடவை போனப்ப டாக்டர் பேச்சுவாக்குல என்ன தொழில்னு கேட்டாரு. சொன்னேன். பேனாவைக் கீழ வச்சுட்டு அவர் சொன்னது: "பைப் புகையிலைக் கடையா? அப்ப உங்க மூக்கு போகல சார், தப்பிச்சு ஓடியிருக்கு."

மஞ்சச் சுவர் ஜோடி

வாசம் தெரியாதவன் கடை நடத்தணும்னா ஒரே வழிதான், எதிராளி மூஞ்சியைப் பாக்கறது. ஜாடியை நீட்டுவேன். அவங்க மூக்கு சுருங்கினா, "கொஞ்சம் காட்டமாதான் இருக்கும், பழகணும்"பேன். கண்ணு விரிஞ்சா, "தேன் வாசம் தெரியுதா?"ம்பேன். பாதி நாள் ஓடிடும். இப்படியும் ஒரு பொழப்பான்னு எனக்கே என்மேல ஆத்திரமா வரும், ஆனா வேற தொழில் தெரியாதே.

ஒரு சனிக்கிழமை பெங்களூர்ல இருந்து ஒரு ஜோடி வந்துச்சு. பொண்ணு ஜாடியில மூக்கை வச்சதும் பளிச்சுனு ஒரு சிரிப்பு. நான் உடனே தேன், பழம், பூவுன்னு அடுக்கிக்கிட்டே போறேன். சிரிப்பு அடங்கவே இல்ல. அப்புறம்தான் பின்னாடி பாத்தேன், அந்தப் பையன் பைப்பைத் தலைகீழா வாயில வச்சுக்கிட்டு அவளுக்கு வேடிக்கை காட்டிக்கிட்டிருக்கான். அவ பாத்தது அதைத்தான். ஜாடியில இருந்தது ஊர்லயே காட்டமான சரக்கு. சரி, பைப்பாவது வாங்குவாங்கன்னு துடைச்சு எடுத்து வச்சேன். பையன் ரொம்ப மரியாதையா கேட்டான்: "அங்கிள், வாங்கறதுக்கு இல்ல, எதிர் வீட்டு மஞ்சச் சுவர் முன்னாடி ஒரு போட்டோ எடுத்துட்டுக் குடுத்துடறோம், வாடகைக்குக் கிடைக்குமா?"

நீலத் தட்டு

கடையில இன்னொரு ஆளு என் மச்சான் சேகர், என் பொண்டாட்டி தம்பி. பைப் ரிப்பேரும் சுத்தம் பண்றதும் அவன் பொறுப்பு. கல்லாவுக்குப் பக்கத்துல ஒரு நீல பிளாஸ்டிக் தட்டு இருக்கும். சுத்தம் பண்ண வேண்டிய பைப்பை அதுல போட்டுட்டா போதும், வாயைத் திறந்து சொல்லவே வேணாம். உள்ள படிஞ்ச கரியைச் சுரண்டி, பஞ்சு சுத்தின கம்பியைச் சாராயத்துல நனைச்சு விட்டு விட்டு எடுத்து, மெழுகு போட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி திருப்பிக் குடுப்பான். அந்த வேலையில அவனைக் கொறை சொன்னவங்க இது வரைக்கும் கிடையாது.

உப்பளம் ஏரியாவுல இருந்து ஒருத்தர் ஒரு பைப்பைக் கொண்டுவந்தாரு. வெளுத்துப்போய், வாய் பிளந்து, பாக்கவே பரிதாபமா இருந்துச்சு. வீட்டம்மா பித்தளைப் பாத்திரத்தோட சேத்து அதையும் புளி போட்டு வெளக்கி வெயில்ல காயவச்சுட்டாங்களாம். சேகர் அதைக் கையில வாங்கி, செத்த குருவியைப் பாக்கற மாதிரி பாத்தான். உள்ள போய் சாராயப் பாட்டிலை எடுத்தான். வந்தவரு பாட்டிலையே ஒரு மாதிரியா பாக்கறதைக் கவனிச்சுட்டு என்கிட்ட சொன்னான்: "மாமா, இந்த ஊர்ல சாராயத்தைக் கழுவறதுக்குன்னு வாங்கறவன் நான் ஒருத்தன்தான், அதையும் நம்ப மாட்டேங்கறாங்க."

முசியே லூர்து

நெஜமாவே பைப் பிடிக்கிறவர்னு என் கடைக்கு ஒருத்தர் வந்தாருன்னா அது முசியே லூர்து, பிரெஞ்சுல ஐயான்னா முசியே. பிரான்சு பட்டாளத்துல இருந்துட்டு வந்து பென்ஷன் வாங்கறவர். இவங்கள எங்க ஊர்ல "சொல்தா"ன்னு கூப்பிடுவாங்க. சனிக்கிழமை சாயங்காலம் வருவாரு. ஒரு பைப்புக்கு ஒரு புகையிலைதான், மாத்த மாட்டாரு. "பைப்புக்கு ஞாபகம் ஜாஸ்தி, நீ அதுல வேறதைப் போட்டாலும் அது பழசைத்தான் பேசும்"பாரு. அது நெஜம். வருசக்கணக்கா ஒரே புகையிலை போட்ட பைப்பைக் காலியா மோந்தாக்கூட அந்த வாசம் இருக்கும். என்கிட்ட மூணு நாலு ஜாடியில இருந்து தனித்தனியா வாங்கிட்டுப் போய், வீட்டுல அவரே ஒரு கலவை போடுவாரு. என்ன அளவுன்னு கேட்டா சிரிப்பாரு, சொல்ல மாட்டாரு.

ஒரு தடவை அவருக்குப் பூஞ்சை பூத்த வர்ஜீனியாவைக் கட்டிக் குடுத்துட்டேன். எனக்கெப்படித் தெரியும்? மறுநாளே வந்தாரு. கத்துவாருன்னு நின்னேன். பொட்டலத்தைப் பிரிச்சு என் மூக்குக்கு நேரா நீட்டினாரு. நான் அவர் மூஞ்சியையே பாத்தேன். அவ்வளவுதான், புரிஞ்சுக்கிட்டாரு. அன்னில இருந்து சனிக்கிழமை வந்தா மொதல்ல எல்லா ஜாடியையும் திறந்து மோந்து, "இது நல்லாருக்கு, இதைத் தூக்கிப் போடு, இதுக்கு ஈரம் காட்டு"ன்னு சொல்லிட்டுதான் உக்காருவாரு. அவர் மூக்குலதான் என் கடை ஓடுச்சு. அன்னிக்கு யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னு கெஞ்சினேன். அவர் பொட்டலத்தை மடிச்சு வச்சுட்டுச் சொன்னாரு: "உன் மூக்கு வக்கான்ஸுக்குப் போயிருக்கு, லீவு முடிஞ்சா வந்துடும், அது வரைக்கும் என்னுதை வச்சுக்கோ."

மதாம்

மழைக்காலத்துல முசியே தூக்கத்துலயே போயிட்டாரு. மாதா கோயில்ல சவப்பெட்டிக்குப் பக்கத்துல நின்னப்ப, அழற எல்லாரையும் விட நான் சத்தமா அழுதேன். பாதி அவருக்கு, பாதி எனக்கு.

கொஞ்ச நாள் கழிச்சு அவர் சம்சாரம் கடைக்கு வந்தாங்க. நம்ம ஊர்த் தமிழம்மாதான், ஆனா முசியே வீட்டம்மான்னா இங்க மதாம். கைக்குட்டையில சுத்தி அவரோட வளைஞ்ச பைப்பைக் கொண்டுவந்திருந்தாங்க. பிள்ளைங்க பாரீஸ்ல இருந்து வந்து, அம்மா மனசு மாறட்டும்னு வீடு பூரா பெயிண்ட் அடிச்சு, அப்பா சட்டையை எல்லாம் தொவைச்சுத் தானம் குடுத்துட்டுப் போயிட்டாங்களாம். "இதுல மட்டும்தான் தம்பி அவர் இருக்காரு. அவர் கலக்குவாரே, அதே புகையிலை வேணும். நான் பிடிக்கறதுக்கு இல்ல. சாயங்காலம் அவர் நாற்காலிகிட்ட பத்த வச்சு வைக்கணும்"ன்னாங்க. எனக்கு வாசம் தெரியாது மதாம்னு சொன்னேன். "தெரியும், அவர் சொல்லியிருக்காரு. நீ கல, நான் மோக்கறேன்"ன்னாங்க.

சேகர் அன்னிக்கு லீவு, மதியம் பூரா நாங்க ரெண்டு பேரும் உக்காந்தோம். நான் வெத்தலைத் தட்டுல ரெண்டு மூணு ஜாடிப் புகையிலையைக் கலக்கறது, அவங்க ஒரு தடவை பைப்பை மோக்கறது, ஒரு தடவை தட்டை மோக்கறது. பைப்பைக் கீழ வச்சா வாசம் ஞாபகத்துல நிக்க மாட்டேங்குதுன்னாங்க, அதனால மறுபடியும் எடுத்து மோப்பாங்க. "இல்ல... இல்ல... ஆங், கிட்ட வருது." எத்தனையோ நாளுக்கப்புறம் எனக்கு வேலை செய்யறதே சந்தோசமா இருந்துச்சு. ஒரே ஒரு சாமான்தான் கொறையுதுன்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுபோச்சு. அதுக்குள்ள அவங்களுக்குத் தலை வலிச்சுது, நாளைக்குப் பாக்கலாம்னாங்க. "பைப் இங்கயே இருக்கட்டும். வீட்டுல வேலைக்காரப் பொண்ணு எதையாவது போட்டுக் கழுவிடும், எனக்கு பயமாருக்கு"ன்னுட்டுப் போனாங்க.

நான் ஜாடியை எல்லாம் மூடினேன், கல்லாவைத் துடைச்சேன். பைப்பைப் பழக்கதோஷத்துல எங்க வச்சேன்னு நீங்களே கண்டுபிடிச்சிருப்பீங்க. கை வழக்கமா போற இடத்துக்குப் போயிடுச்சு.

மறுநாள் நான் போறதுக்கு முன்னாடியே சேகர் கடையைத் திறந்திருந்தான். பைப் கல்லா மேல பளபளன்னு இருக்கு. உள்ள கரி ஒரு பொட்டு இல்ல, மரம் தெரியுது. அவன் மூஞ்சி பூரா பெருமை. "முசியே பைப்பாச்சே மாமா, ரெண்டு தடவை விட்டு எடுத்தேன். மோந்து பாருங்க, துளி வாசம் இருக்காது." அவனை என்னன்னு திட்டறது? நீலத் தட்டுல இருந்துச்சு, செஞ்சான். என்னாச்சுன்னு சொன்னதும் அவன் அப்படியே பின்பக்கம் போய் ஸ்டூல்ல உக்காந்துட்டான்.

மதாம் சரியா சொன்ன நேரத்துக்கு வந்துட்டாங்க. நான் நாற்காலியை இழுத்துப் போடறதுக்குள்ள கல்லா மேல இருந்த பைப்பை எடுத்து ரெண்டு கையாலயும் பிடிச்சு மூக்குகிட்ட கொண்டுபோனாங்க. கண்ணை மூடிக்கிட்டாங்க. இன்னொரு தடவை மோந்தாங்க. அப்புறம் கைக்குட்டையில பழையபடி சுத்தி, என் கையைத் தட்டிக் குடுத்து, மெதுவா சொன்னாங்க: "இப்ப நீயும் நானும் ஒண்ணு தம்பி, எவ்வளவு மோந்தாலும் ஒண்ணும் வரல."

புதுச்சேரியில எங்க கடை மாதிரி சுத்தமான பைப் கடை வேற கிடையாது, சந்தேகம் இருக்கறவங்க வந்து மோந்து பாத்துக்கலாம்.