பெடலை அமுத்துனது நானு

பிரேக்குல காத்து எடுக்கறதுக்கு ரெண்டு பேரு வேணும். ஒருத்தரு வண்டிக்குள்ள உக்காந்து பெடலை அமுத்திப் புடிக்கோணும். இன்னொருத்தரு கீழ படுத்து சக்கரத்துக்கிட்ட இருக்கற நட்டைத் தொறந்து மூடோணும். எங்கூட்டுல கீழ படுக்கறது என்ற ஊட்டுக்காரரு, அமுத்தறது நானு. கண்ணாலமாகி மூணு வருசமும் அப்படித்தான்.

அவருது சின்ன லோடு வண்டி. தாளவாடியில முட்டைக்கோசு ஏத்தி, திம்பம் மலை எறங்கி, சத்தியமங்கலம் வழியா கோயமுத்தூரு மார்க்கெட்டுக்குக் கொண்டாருவாரு. மாஸ்டர் சிலிண்டரு போயிருச்சுன்னு புதுசு வாங்கியாந்தாரு. நாம அமுத்தறப்ப ஆயிலை நாலு சக்கரத்துக்கும் தள்ளிவுடற சாமான் அது. புதுசுதானேன்னு பெட்டியைப் பிரிச்சு நேரா மாட்டிப்போட்டாரு.

அமுத்து அம்மணி, புடி, உடு. இதே ஒரு மணி நேரம். காலு வலி தாங்கல. அன்னிக்கு சித்தி மகளுக்குச் சீரு, நான் இன்னும் தலைகூட சீவல. கடைசியா நட்டை மூடுனப்பறமும், அமுத்திப் புடிச்சிருக்கறப்ப பெடலு என்ற காலுக்கடியில மெல்ல மெல்ல எறங்குச்சு.

"கெட்டியா நிக்குதா?"ன்னு கீழ இருந்து கேட்டாரு.

இல்லைன்னா மறுக்கா மொதல்ல இருந்து ஆரம்பிப்பாரு.

"நிக்குதுங்க"ன்னுட்டேன்.

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கி, தெருவுல ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்தாரு. தெருவுல நின்னுச்சு. நாலாம் நாளு திம்பத்துல, லோடோட எறங்கறப்ப, நிக்கல. பாறையில போயி மோதிருச்சு. அவரு அங்கயே போயிட்டாரு.

முன்னாடி எல்லாமே நசுங்கி, பைப்பு அறுந்து, ஆயிலு போயிருந்துச்சு. பிரேக் இன்ஸ்பெக்டரு வந்து பாத்துட்டு எதனாலன்னு சொல்ல முடியாதுன்னுட்டாரு. அப்பறம் ஊருக்குள்ள அவங்களாவே சொல்லிக்கிட்டாங்க, தூங்கிட்டான்னு. தண்ணி போட்டிருப்பான்னும் ஒருத்தரு சொன்னாராமா. மாமியாரு தூங்கிட்டான்னதையே புடிச்சுக்கிட்டு, கண்ணு அசந்தா ஓரங்கட்டுடான்னு எத்தனை தடவை சொன்னேன், கேக்கலியேன்னு, வாரவங்க போறவங்ககிட்டயெல்லாம் திட்டி அழுவாங்க. நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன்.

வண்டியில கெடந்த அவரு துணி, சோத்துப் போசியெல்லாம் எடுத்தார ஒர்க்ஷாப்புக்குப் போனேன். மெக்கானிக்கு அந்தச் சிலிண்டரைப் பிரிச்சு வெச்சிருந்தாரு. உள்ள ரப்பரு ஓரத்துல கிழிஞ்சிருந்துச்சு. புதுசா இருந்தாலும் நாங்க வைஸ் இடுக்கியில கட்டி, ஆயிலு ஊத்தி, அது வெளிய போற ஓட்டையை அடைச்சு, அமுத்திப் புடிச்சு நூறு எண்ணுவோம், எறங்குனா கடைக்கே திருப்பிருவோம்னாரு. எண்ணாமயே அது எறங்குனது எனக்கு அன்னிக்கே தெரியும்னு சொல்ல வாய் வரல.

போன மாசம் வண்டியை ரெடி பண்ணுனாங்க. கொழுந்தனாரு லேத்துப் பட்டறை வேலைக்குப் போறவரு, இனி அவரே ஓட்டறதுன்னு முடிவாச்சு. புதுச் சிலிண்டரு வாங்கியாந்து, வந்து பெடலை அமுத்துங்க அண்ணின்னு கூப்புட்டாரு. நான் மாட்ட உடல. மெக்கானிக்கு சொன்ன மாதிரி, வாசல்ல இருக்கற உங்க வைஸ்ல கட்டுங்கன்னேன்.

"அண்ணி இனி எனக்கும் ட்ரைனிங் குடுப்பீங்களாட்டிருக்குது"ன்னு சிரிச்சுக்கிட்டே கட்டுனாரு.

ஆயிலு ஊத்தி, ஓட்டையை அடைச்சு, சிலிண்டருக்குள்ள கம்பியை வெச்சு நானே அமுத்துனேன். ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுனேன். நூறாயியும் கம்பி அசையல. கல்லாட்ட நின்னுச்சு. என்னால கையை எடுக்க முடியல. அன்னிக்கு என்ற ஊட்டுக்காரரு கேட்டதுக்கு நிக்குதுன்னு பொய் சொன்னதை அங்கயே சொல்லிப்போட்டேன்.

கொழுந்தனாரு என்னைப் பாக்காம வைஸைத் தளத்தி, சிலிண்டரைத் தொடைச்சாரு. தொடைச்சதையே மறுபடியும் தொடைச்சாரு.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"இல்லீங்க."

"செத்தவனை இன்னும் திட்டிட்டு இருக்குது அது."

நான் உள்ள போனேன். மாமியாரு சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. கிட்டப் போயி உக்காந்தேன். இதைச் சொன்னா இந்த ஊட்டுல இருக்க முடியுமான்னு தெரியல.

"அத்தை, அவரு தூங்கலீங்க"ன்னேன்.