ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கம்

டீ வாங்கினால் பொற்கொடி ரோட்டுக்கு முதுகைக் காட்டித்தான் குடிப்பார். ஜப்தி செய்கிற ஓசூர் கோர்ட்டு அமீனா அவர்; முகம் தெரிந்தால் வண்டி நிற்காமல் போய்விடுமாம். கூட வேலை பார்க்கும் முனிவேல் கேலி செய்வார். அம்மாள் சட்டை செய்தால்தானே.

இந்த ஊரில் எதையும் மூன்று பாஷையில் சொல்ல வேண்டும், ஜப்தியைத் தவிர. கன்னடக்காரருக்கும் தெலுங்குக்காரருக்கும் அந்த ஒரு சொல்லே போதும். பிள்ளையின் செல்போனைப் பறித்து வைக்கிற தாய்கூட ‘ஜப்தி பண்ணிட்டேன்’ என்பாள். பொற்கொடிக்கு அந்தப் பேச்சு ஆகாது. “அது புடுங்கறது. ஜட்ஜ் கையெழுத்து இருந்தாத்தான் நான் கதவையே தொடுவேன். அதுக்குப் பேருதான் ஜப்தி.”

இன்றைக்குப் பிடிக்க வேண்டியது சிப்காட் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் ஒரு டிராவல்ஸ் பஸ். கெலமங்கலம் மாரம்மாவின் புருஷனை அடித்துப் போட்டது இதே வண்டிதான். இன்சூரன்ஸும் கிடையாது. நஷ்டஈடு கொடு என்று தீர்ப்பு வந்ததிலிருந்து முதலாளி அதை அத்திப்பள்ளியில் கொண்டுபோய் நிறுத்துகிறான், பாவி. ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகம். அங்கே பொற்கொடி கை வைக்க முடியாது. ஏற்கெனவே இரண்டு தடவை தப்பிவிட்டது. இன்றும் விட்டால் விற்றுத் தலைமுழுகிவிடுவான், மாரம்மாவுக்கு ஒன்றும் மிஞ்சாது.

பஸ் வந்து நின்றதும் பாதி டீயை வைத்துவிட்டு ஏறினார்.

“ஜப்தி. எல்லாரும் எறங்குங்க.”

“லேட்டானா அரை நாள் கட் பண்ணிருவாங்க மேடம்,” என்றாள் ஷிப்டுக்குப் போகிற லாவண்யா.

“தெரியும்மா. பின்னால டவுன் பஸ் நிக்குது, சொல்லி வெச்சிருக்கேன்.”

ஆட்களை வழியனுப்பாமல் அவர் நோட்டீஸ் ஒட்டியதே இல்லை.

டிரைவர் குருமூர்த்தி தலையைச் சொறிந்தார். “ஓனருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேங்க.”

“கோர்ட்டுல நிறுத்திட்டுக் கேளுங்க.”

வண்டியை அடையாளம் காட்ட வந்த மாரம்மா படியருகிலேயே நின்றுவிட்டாள்.

“ஏறும்மா, போலாம்.”

“இதுல நான் கால வெக்க மாட்டனுங்க. நடந்தே வந்தர்றேன். வண்டிய மட்டும் உட்ராதீங்க.”

பொற்கொடி முனிவேலை டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு இறங்கினார். “மொத கியர்லயே வாங்க,” என்று குருமூர்த்தியிடம் சொல்லிவிட்டு, மாரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் நடுரோட்டில் நடந்தார். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. இரண்டு பேரும் ஓரம் ஒதுங்கவில்லை.