என் வீட்டுக்கு வந்த ஓவியம்

வாழ்க்கையில் முதல்முறையாக இன்று ஓர் ஓவியம் வாங்கினேன்.

மில்லர்புரத்தில் ஒரு சின்னக் கண்காட்சி. சோபாவுக்கு மேலே மாட்ட நீலமாக ஏதாவது கிடைக்குமா என்றுதான் போனேன். ஆனால், கரையில் உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டே யாரையோ நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கும் ஒருவரின் படத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. வாங்கிவிட்டேன்.

ஓவியர் அதைச் சுவரிலிருந்து கழற்றும்போது ஒரு பெண் வந்து பக்கத்தில் நின்றார்.

ஓவியர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "படத்துல இருக்கது இவங்க வீட்டுக்காரர்தான் சார். ஆலந்தலைக் கடற்கரையில வச்சு வரைஞ்சேன். அதுக்கு அடுத்த வாரம் கடலுக்குப் போனவரு, இன்னும் கரைக்கு வரல."

"நீங்களே எடுத்துட்டுப் போங்கம்மா" என்று படத்தை அந்தப் பெண்ணிடம் நீட்டினேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. வீட்டுல மாட்டுனா, மாலை போடுன்னு ஆளாளுக்குச் சொல்லுவாவ. நான் போட மாட்டேன்."

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "உங்க வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்காவளா? எங்க வீட்டுக்காரவுகளுக்கு வீடுன்னா சத்தமா இருக்கணும்."

"இருக்காங்கம்மா" என்றேன். நான் தனி ஆள் என்று சொல்ல வாய் வரவில்லை.

இப்போது முன்னறையில் யாரும் பார்க்காத டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அணைக்கப் போனேன். படத்திலிருந்து அவர் என்னை நிமிர்ந்து பார்ப்பது போலிருந்தது. ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டுக்கு வாருங்கள். சேட்டைக்காரப் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் கூட்டி வரவும். சுவரில் கிறுக்கினாலும் ஒன்றும் சொல்ல மாட்டேன்.