மருந்து விட்ட கண்ணுக்கு ஓர் எழுத்து

அவளுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தது மருந்துப் பெட்டி அச்சடிக்கும் கம்பெனியில் கூட வேலை பார்த்தவர்கள். பத்தொன்பது வருஷம் அங்கே, பெட்டிகளுக்கும் அவற்றுக்குள் எட்டாக மடித்து வைக்கும் தாள்களுக்கும் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோத்தாள். 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்பதை ஒரு விரல் நகத்துக்குள் அடக்க வேண்டும். அந்த வேலைக்கு ஆணி அடித்த மாதிரி உட்கார வேண்டும். அவளோ பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து ஜன்னலைத் திறப்பாள், மூடுவாள், பக்கத்து மேசைக்காரியின் தண்ணீர் பாட்டிலை நிரப்பி வைப்பாள், பிறகுதான் அடுத்த வரியைத் தொடுவாள். ஆனால் வேலையில் ஒரு பிழை வராது. அதனால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை; பெயர் மட்டும் வைத்தார்கள்.

ஒருநாள் மேலதிகாரி தாளைச் சிறிதாக்கச் சொன்னார். "எழுத்தை இன்னும் அரைப் பாயிண்ட் குறைச்சா எல்லாம் உள்ள வந்துடும்."

"வந்துடும் சார். படிக்கத்தான் எறும்பு வரணும்" என்றாள்.

சார் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் அவள் அந்தக் கம்பெனியில் இல்லை.

வீட்டுக்கு வந்தவள் முதலில் செய்த காரியம், ஒரு முழுத் தாளில் ஒரே ஒரு 'கு' வரைந்ததுதான். இத்தனை வருஷம் மடக்கி வைத்திருந்த கையை நீட்டியது போல இருந்தது. அதைச் சுவரில் ஒட்டினாள். பார்க்க வந்த கணவரின் நண்பர் விலை கேட்டார். எழுத்துகளையும் சொற்களையும் சுவர்ப் படமாக அச்சடித்து விற்கும் தொழில் அப்படித்தான் ஆரம்பமானது. பின்னறையில் அகலமான பிரிண்டர் ஒன்று வந்தது. கட்டிலுக்கு அடியில் காகிதச் சுருள்கள், கதவுக்குப் பின்னால் அட்டைக் குழாய்கள். துணி மாற்றக்கூட ஒருவர் வெளியே போனால்தான் இன்னொருவர் உள்ளே வர முடியும்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடி ஆழக் குழியின் விளிம்பில் உட்கார்ந்து நிதானமாக ரொட்டி தின்கிற மனிதர். அவருடைய தங்கை, அதாவது பம்பரத்தின் நாத்தனார், கூரியர் கம்பெனியில் பார்சல் கவுண்டரில் இருந்துவிட்டு வந்தவள். கட்டுவது, முகவரி ஒட்டுவது, போனில் சண்டை போடுகிறவர்களைச் சமாளிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. 'வாழ்த்துகள்' என்று போட்டால் நடுவில் 'க்' எங்கே என்று நான்கு பேர் கேட்பார்கள். 'க்' வைத்துப் போட்டால் அது எதற்கு என்று நாற்பது பேர் கேட்பார்கள். நாத்தனார் இரண்டு கட்சிக்கும் ஒரே பதில் வைத்திருந்தாள்: "நீங்க சொல்றது சரிதான் சார், அண்ணிகிட்ட நான் அப்பவே சொன்னேன்."

அதிகம் விற்றது 'பொறுமை'. தலைமுடி போல மெல்லிய கோடுகள், சாம்பல் நிறம், சுற்றிலும் ஏராளமான வெள்ளை. "பொறுமையை அர்ஜண்டா அனுப்பணுமாம், நாளைக்கே வேணுமாம்" என்று நாத்தனார் சிரிப்பாள். கோடு இழுத்த பம்பரமோ அதே நேரத்தில் பிரிண்டருக்கும் சமையலறைக்கும் நடுவே இருபதாவது தடவையாக நடந்துகொண்டிருப்பாள்.

அந்தப் 'பொறுமை'யை யார் வீட்டிலோ பார்த்துவிட்டு ஒரு கண் ஆஸ்பத்திரியின் நிர்வாக அதிகாரி அம்மாள் போன் செய்தார். காத்திருப்பு ஹாலுக்கு இருபது படங்கள். பொறுமை, நிதானம், தெளிவு, நம்பிக்கை. எல்லாம் கண்ணாடிச் சட்டம் போட்டு. அதுவரை வந்ததிலேயே பெரிய ஆர்டர். வேலை முடிந்து ஆட்கள் மாட்டிவிட்டுப் போனதும் அந்த அம்மாள், "ரொம்ப அழகா இருக்கு" என்று செய்தி அனுப்பினார். அதோடு விடுகிற ஆளா பம்பரம்? சுவரில் எப்படி நிற்கிறது என்று பார்க்காவிட்டால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. மறுநாள் காலையிலேயே பஸ் ஏறிவிட்டாள்.

ஹாலில் எண்பது பேர் இருந்தார்கள். ஒருவர்கூட சுவரைப் பார்க்கவில்லை. பாதிப் பேர் கண்ணை மூடியிருந்தார்கள், மீதிப் பேர் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தார்கள். மூக்குக் கண்ணாடிகளெல்லாம் கையில். நர்ஸ் ஒருத்தி வரிசையாக வந்து, சோதனைக்காகக் கண்மணியை விரித்துப் பார்வையைச் சில மணி நேரம் மங்க வைக்கும் சொட்டு மருந்தை விட்டுக்கொண்டே போனாள். பம்பரம் 'பொறுமை'க்கு எதிரே ஒரு காலி நாற்காலியருகே போய் நின்றாள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த பருத்த மனிதர், லாரி டிரைவர், காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். "ஏம்மா, அந்தச் சுவத்துல என்னமோ மாட்டியிருக்காங்களே, என்னது அது?"

"பொறுமைன்னு எழுதியிருக்கு."

"அடப்பாவிங்களா! காலையிலேர்ந்து அதைத்தான் எல்லாரும் வாயால சொல்றாங்க. எழுதி வேற மாட்டணுமா?"

அவருக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் முகத்தைச் சுருக்கிப் பார்த்தாள். "எனக்குப் பெருமைன்னு தெரியுது."

பின்வரிசையிலிருந்து இன்னொரு குரல்: "இல்லைங்க, பொறாமை. நல்லாப் பாருங்க, நடுவுல கால் இருக்கு."

"ஆஸ்பத்திரியில எதுக்குங்க பொறாமை?"

"முன்னாடி டோக்கன் வாங்கினவன் மேல" என்றார் டிரைவர். வரிசையே சிரித்தது. பம்பரமும் சிரித்தாள், ஆனால் காது சூடாகிவிட்டது. அந்தப் படத்தை வரைந்தவள் தான்தான் என்று அவள் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் கொட்டினாள்.

"விடுங்க அண்ணி. அவங்களே நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க. நீங்க எதுக்குக் கிடந்து குதிக்கிறீங்க?"

"நல்லா இருக்குன்னு சொன்ன அம்மாவுக்குக் கண்ணுல மருந்து விடலை. அவங்களுக்குத் தெரியும். அங்க உட்கார்ந்திருக்கிறவங்களுக்குத் தெரியலையே."

"அதுக்கு?"

"எனக்கும் விட்டுக்கிறேன்."

சொன்னபடியே செய்தாள். நாற்பத்து மூன்று வயது, கண்ணைச் சோதித்துப் பல வருஷம் ஆயிற்று, சாக்குக்குப் பஞ்சமில்லை. துணைக்கு ஆள் வேண்டும் என்றதால் கணவர் அரை நாள் லீவு போட்டு வந்தார். டோக்கன், அழுத்தம் பார்க்கும் மெஷின், பிறகு சொட்டு மருந்து. இருபது நிமிஷம் கழித்து மறுபடி, இன்னொரு இருபது நிமிஷம் கழித்து இன்னொரு தடவை. போனைப் பார்க்க முடியவில்லை, கைப்பையில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை, எழுந்து நடந்தால் யார் காலையாவது மிதிக்க வேண்டியிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றரை மணி நேரம் ஒரே நாற்காலியில் இருந்தாள். முழங்கால் மட்டும் தையல் மெஷின் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. கணவர் அதன்மேல் கையை வைத்தார். கையும் சேர்ந்து ஆடியது.

சுவரைப் பார்த்தாள். அவள் பெருமைப்பட்ட தலைமுடிக் கோடுகள் ஒன்றுகூட இல்லை. கண்ணாடிச் சட்டத்தில் டியூப் லைட் மட்டும் கத்தி போல மின்னியது. அதற்குப் பின்னால் ஈரத் துணியால் துடைத்துவிட்டது போல வெறும் சாம்பல் திட்டுகள். ஹாலில் அவள் கண்ணுக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே எழுத்து, பெண்கள் கழிவறைக் கதவில் யாரோ கறுப்பு டேப்பை வெட்டி ஒட்டியிருந்த 'பெ'.

"என்னங்க, அதை யாரு ஒட்டினது?"

"எதை?"

"அந்த 'பெ'யை. என்னைவிட அவருக்குத்தான் தொழில் தெரிஞ்சிருக்கு."

டாக்டர் அறையில் விஷயம் வேறு பக்கம் திரும்பியது. அந்த இளம் டாக்டரம்மா லென்ஸ் வழியாக நேரம் எடுத்துப் பார்த்தார். "வீட்டுல யாருக்காவது கண் அழுத்த நோய் இருந்திருக்கா?" என்று கேட்டார். பம்பரத்தின் அப்பா கடைசி நாட்களில் தட்டில் இருப்பதைத் தேடித் தேடிச் சாப்பிட்டார். வயசு என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். அதைச் சொன்னாள். "பயப்பட ஒண்ணுமில்லை. பத்து நாள் கழிச்சு வாங்க, பக்கப் பார்வை எவ்வளவு இருக்குன்னு ஒரு டெஸ்ட் பண்ணிடலாம்" என்றார் டாக்டரம்மா.

பயப்பட ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் அதற்கப்புறம்தானே பயம் வருகிறது. அந்தப் பத்து நாளும் பம்பரம் வீட்டில் நின்ற இடத்தில் நிற்கவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது நேரே குழாயைப் பார்த்தபடி, ஓரத்தில் டம்ளர் தெரிகிறதா என்று பார்ப்பாள். தெருவில் நடந்தால் தோளுக்குப் பக்கத்தில் வரும் சைக்கிளை, தலையைத் திருப்பாமல் எண்ணுவாள். ஒரு கண்ணைப் பொத்துவாள், மறு கண்ணைப் பொத்துவாள். நாத்தனார் பேசிக்கொண்டிருக்கும்போதே இப்படிப் பொத்திப் பொத்திப் பார்க்க, "எந்தக் கண்ணுல பார்த்தாலும் நான் இதே மூஞ்சிதான் அண்ணி" என்றாள் அவள்.

கையை வேலையில் நுழைத்தால்தான் பயம் கொஞ்சம் அடங்கியது. மருந்து விட்ட கண்ணுக்கும் தெரிகிற எழுத்தை வரைந்தே தீருவது என்று இறங்கினாள். பழைய மூக்குக் கண்ணாடி ஒன்றின்மேல் மங்கலான பாலித்தீனை ஒட்டிக்கொண்டாள். நாத்தனாரை மொட்டைமாடியின் அந்தக் கோடியில் நிறுத்தி ஒவ்வொரு தாளாகத் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள்.

"இது?"

"மு."

"இல்லை அண்ணி, ழ."

"அப்போ கிழிச்சுப் போடு."

எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக இரண்டு நாள் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் கணவரை வழிமறித்து, "வீட்டுல எல்லாரும் சௌக்கியம்தானே?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

சொல்லாக எழுதினால் எதுவும் தேறவில்லை. எழுத்துகள் ஒன்றோடொன்று கரைந்துவிட்டன. தனித்தனியாக, ஆள் உயரத்துக்கு, மஞ்சள் தாளில் தடித்த கறுப்பில் போட்டால் சில எழுத்துகள் நின்றன. 'ட' முதல் தடவையே நின்றது. 'ப' நின்றது. 'க', வயிற்றுக்குள் இடைவெளியை அகலமாக்கிய பிறகு நின்றது. 'ஃ' பற்றிக் கவலையே இல்லை. 'ழ' மட்டும் அவளை அலைக்கழித்தது. ஒன்பது முறை வாலை மாற்றி, பத்தாவது முறை நாத்தனாரைக் கூப்பிடப் பயந்துகொண்டு தாளைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, தானே ஓடிப்போய்ப் பார்த்தாள். ழ என்றுதான் தெரிந்தது.

பத்தாம் நாள் டெஸ்டில் ஒரு கிண்ணம் போன்ற மெஷினுக்குள் தாடையை வைத்து, நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டு, எங்காவது வெளிச்சம் தெரிந்தால் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். அசையக் கூடாது. அவள் வெளிச்சம் வருவதற்கு முன்பே அழுத்தினாள். "வந்த பிறகு அழுத்துங்கம்மா" என்று சோதனை செய்கிறவர் இரண்டு தடவை நிறுத்தி, முதலிலிருந்து ஆரம்பித்தார். முடிவில் டாக்டரம்மா படத்தைக் காட்டினார். இடது கண்ணில், மூக்குப் பக்கம், ஓரத்தில் ஒரு சிறிய கறுப்புத் திட்டு.

"போனது திரும்ப வராது. ஆனா இனிமே போகாம பிடிச்சு வெச்சுக்கலாம். காலையும் சாயங்காலமும் சொட்டு மருந்து. ஒருநாள்கூட விடக் கூடாது."

"எவ்வளவு நாளைக்கு?"

"நாள் கணக்கு இல்லைம்மா. எப்பவும்."

வெளியே வந்ததும் கணவர், "டீ சாப்பிடலாமா?" என்று கேட்டார். அவள் மாடிப்படி ஏறி நேரே நிர்வாக அதிகாரியின் அறைக்குப் போய்விட்டாள். கையில் எழுத்துச் சுருள் இருந்தது. வேறொரு நாளாக இருந்தால் போன் செய்து நேரம் கேட்டிருப்பாள்.

அந்த அம்மாள் 'ட'வை விரித்துப் பார்த்தார். "ஒரே ஒரு எழுத்தா? இதுக்கு என்னம்மா அர்த்தம்?"

"அர்த்தம் ஒண்ணும் இல்லை மேடம். தெரியும். அவ்வளவுதான்."

"இருக்கிறதே அழகாத்தானே இருக்கு."

"மருந்து விட்டுக்கிட்டு ஒரு மணி நேரம் அங்க உட்கார்ந்து பாருங்க மேடம். நான் உட்கார்ந்தேன்." குரல் கொஞ்சம் உடைந்தது. அது எழுத்துக்காகவா கண்ணுக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றைக்கு ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டு, பின்சுவரில் மட்டும், கழிவறைப் பக்கம், சோதனைக்கு மாட்டச் சொன்னார். ஐந்து எழுத்துகள், சட்டமும் இல்லை, கண்ணாடியும் இல்லை.

ஒரே வாரத்தில் 'ஃ' வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. ஒரு பெரியவர் டாக்டரிடம், "ஹால்ல உட்கார்ந்தா கண்ணு முன்னாடி மூணு கறுப்புப் புள்ளி நிக்குது" என்று சொல்ல, அவருக்கு மேலும் இரண்டு சோதனை செய்த பிறகுதான் அது சுவரில் இருப்பது என்று தெரிந்ததாம். நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். பம்பரம் நாள் முழுக்கச் சிரிக்கவில்லை. "அந்த மனுஷன் எவ்வளவு பயந்திருப்பாரு" என்றாள்.

மற்ற நான்கும் தங்கின. யாரும் சொல்லிக்கொடுக்காமலே நர்ஸ்கள், "அந்த 'ட'வுக்குக் கீழ போய் உட்காருங்க" என்று ஆட்களை அனுப்பத் தொடங்கினார்கள். கூட வந்தவர்கள் டீ குடித்துவிட்டு வந்து 'க' எங்கே என்று தேடித் தங்கள் ஆளைக் கண்டுபிடித்தார்கள். அதைப் பார்த்த ஒரு நூலகத்திலிருந்தும் கேட்டார்கள். 'பொறுமை' இன்னமும் விற்கிறது. ஆனால் பம்பரம் அதன் கோடுகளைத் தடிப்பாக்கிவிட்டாள். "பழையதுதான் நல்லா இருந்துச்சு" என்று நான்கைந்து பேர் போன் செய்ய, நாத்தனார் தன் வழக்கமான பதிலைச் சொன்னாள்.

மருந்து விடுவது கணவர் வேலை. காலை ஏழு மணி, மாலை ஏழு மணி. ஒரு சொட்டு விட்டு, மூக்கோரத்தை விரலால் அழுத்திக்கொண்டு இரண்டு நிமிஷம் கண்ணை மூடியிருக்க வேண்டும். அவர் அவள் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துச் சத்தமாக எண்ணுவார். அவள் கட்டில் ஓரத்தில் கால் விரல்களால் தரையில் ஏதோ எழுதிக்கொண்டே இருப்பாள்.

"நூத்திப் பதினொண்ணு, நூத்திப் பன்னெண்டு..."

"போதுங்க. பிரிண்டர்ல தாள் தீர்ந்துடுச்சு, சத்தம் கேட்குது."

"நூத்திப் பதிமூணு" என்றார் அவர், தோளிலிருந்து கையை எடுக்காமல்.