ஜிம்மி நின்ற இடம்

நனைந்த தென்னந்தும்புக் கயிற்றின் வாடை மூக்கில் ஏறினால் இன்றும் எனக்கு ஜிம்மி நின்ற இடம்தான் கண்ணில் தெரியும்.

வட்டவளைக்கு மேலே தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து தேயிலை மலைக்குள் இறங்கும் 'குறுக்கு' வழியில் பள்ளிக்கூடம் முக்கால் மணி நேர நடை. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் 'பெரட்டு'க்கு அம்மா முந்தியே ஓடிவிடுவார் என்பதால், எனக்குத் துணை எங்கள் நாய் ஜிம்மிதான். ஒருமுறை அது வகுப்புக்குள் நுழைந்து எனக்கு அடி வாங்கிக் கொடுத்ததிலிருந்து, தும்புக் கயிற்றில் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட வாசல் கடையில் கட்டிவிட்டுப் போவேன். ஒவ்வொரு செடியையும் மோந்து, யோசித்து, மறுபடியும் மோந்துதான் அது நகரும். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும்.

"நாயி நின்னா நீயும் நில்லு புள்ள. மலையில சிறுத்தப்புலி நடமாட்டம் இருக்குங்கறாங்க, காரணமில்லாம அது நிக்காது" என்பார் அம்மா.

ஐந்தாம் வகுப்பின் கடைசித் தவணைப் பரீட்சையன்று மலை முழுக்க மூடுபனி. மணியடித்த பிறகு வருகிறவர்களுக்கு வினாத்தாள் கிடையாது என்று எங்கள் வகுப்புச் சேர் முதல்நாளே சொல்லியிருந்தார். பள்ளிக்கூடத்துக்கு மேலே உள்ள வளைவில் ஜிம்மி நின்றுவிட்டது. இந்த முறை மோக்கவில்லை. நாலு காலையும் ஊன்றிக்கொண்டு, மேட்டைப் பார்த்து மெல்ல உறுமியது. இழுத்தேன், கெஞ்சினேன், குடைக்கம்பால் ஒன்று போட்டேன். அசையவில்லை. விட்டுவிட்டுப் போனால் பின்னாலேயே வகுப்புக்கு ஓடிவரும் என்று, ஒரு தேயிலைத் தூரில் இறுக்கிக் கட்டிவிட்டு ஓடினேன்.

சேர் வந்திருக்கவில்லை. ஹட்டனிலிருந்து வரும் பஸ் மூடுபனியில் தாமதமாம். ஒரு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எட்டிப் பார்த்த பெரிய டீச்சர், "பொறுமையான பிள்ளைங்க" என்று மெச்சிவிட்டுப் போனார். மேலே மலையில் ஒரு நாய் விடாமல் குரைத்தது. யாருடைய குரல் என்று எனக்குத் தெரிந்தது. நான் எழுந்திருக்கவில்லை. பிறகு அது கேட்கவில்லை.

மாலையில் அம்மாவோடு போய்ப் பார்த்தபோது செடியடியில் ரத்தமும் கயிறும்தான் கிடந்தன.

"அறுத்துக்கிட்டு ஓடியிருக்கும்மா" என்றேன். தூரில் நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவுத்து விட்டிருந்தா ஓடித் தப்பிச்சிருக்கும்" என்றார். முடிச்சை அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நடந்தார். நாலு அடி போட்டிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அந்தப் பரீட்சையில் நான்தான் முதல் பிள்ளை. அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பு வருகிறது.

இப்போது நான் ஹட்டனில் டீச்சர். அந்தக் குறுக்கு வழியைக் காடு மூடிவிட்டது, பிள்ளைகள் த்ரீவீலரில் பெரிய ரோட்டால் போகிறார்கள். லயத்தில் நாங்கள் இருந்த காம்பரா அறையும் இல்லை, அம்மாவும் இல்லை. காலையில் என் நாயோடு நடக்கையில், அது நிற்கும் இடத்திலெல்லாம் நானும் நிற்கிறேன். "டீச்சருக்குப் பொறுமை சாஸ்தி" என்று பேக்கரியில் பாண் விற்கும் கடைக்கார நானா சிரிப்பார். பொறுமை வந்ததென்னவோ உண்மைதான். வரவேண்டிய நாளில் வரவில்லை.

"கம்பத்துல கட்டிட்டு உள்ள வாங்க டீச்சர், அது எங்க போயிறப் போகுது?" என்று அவர் தினமும் கூப்பிடுகிறார். கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்தபடி, மழையானாலும் வெளியிலேயே நின்று பாண் வாங்கிக்கொள்கிறேன்.