வேடியப்பன் காய்ச்சிய மயில்துத்தம்

வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்து, கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியின் வேதியியல் கூடத்தில் அட்டெண்டராகச் சேர்ந்தபோது வேடியப்பனுக்கு இருபத்திரண்டு வயது. ஒன்பது வருஷமாகத் தற்காலிகம். தற்காலிகத்தை இவ்வளவு நீளமாக இழுக்க முடியும் என்பதை நம் நிர்வாகங்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். எண்பத்தேழு செப்டம்பரில் ஒருவழியாக அவனை நிரந்தரமாக்கும் ஆணை தட்டச்சாகி, தாளாளரின் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது. அது வந்துவிட்டால் மனைவி செல்லியம்மாளையும் பிள்ளைகளையும் மலையிலிருந்து கூட்டிவந்து ஒரு வாடகை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அந்தக் காகிதத்துக்காக அவன் எதையும் பொறுத்துக்கொள்வான்.

படிப்பு எட்டாவதோடு நின்றது, காது நிற்கவில்லை. பியூரெட் குழாய்களைக் கழுவிக்கொண்டே பேராசிரியர் காசிநாதனின் பாடத்தை வருஷாவருஷம் கேட்டான். தாமிர அயனி தண்ணீரில் சும்மா நிற்பதில்லை. தன்னைச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதில் ஒன்றை உடைத்து அமிலத்தை வெளியே தள்ளும். வெப்பத்தை உறிஞ்சி நடக்கிற வினை என்பதால் சூடு ஏற ஏற உடைப்பதும் ஏறும். கடைசியில் தாமிரமே வெளிறிய பச்சைத் தூளாகி அடியில் தங்கிவிடும். முன்னாலேயே கொஞ்சம் அமிலம் விட்டு வைத்தால் வினை பின்வாங்கும். பேராசிரியர் இதைப் பலகையில் எழுதி அழித்தார். வேடியப்பன் பீக்கரில் பார்த்தான். அதனால் தாமிர உப்பான மயில்துத்தத்தைக் கல்வத்தில் பொடித்து, பச்சைத்தண்ணீரில் கரைத்து, நாலு சொட்டுக் கந்தக அமிலம் விட்டு, தேர்வுக்கு முந்தின நாளே எடுத்து வைப்பான். அவன் கரைசல் ஒருநாளும் கலங்கியதில்லை.

அந்த மாதம்தான் இட ஒதுக்கீட்டு மறியல். வேலை கேட்டு ஊரே சாலையில் உட்கார்ந்திருந்தது. புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். அரியர் வைத்த பதினாறு பேருக்கு மறுநாள் செய்முறைத் தேர்வு. “பஸ்ஸே ஓடல, எவன் வரப்போறான்? ஒண்ணும் கரைக்காத,” என்றார் காசிநாதன்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு வெளித் தேர்வாளர் வந்தே விட்டார். திருக்கோவிலூரிலிருந்து சைக்கிள், சட்டையெல்லாம் புழுதி. பதினாறு பேரும் நடந்தே வந்து சேர்ந்திருந்தார்கள். பத்து மணிக்குத் தேர்வு.

“தண்ணிய கொதிக்க வச்சி துத்தத்தைப் போடு. சீக்கிரம்,” என்றார் காசிநாதன்.

“சார், சூட்டுல போட்டா திரிஞ்சிடுங்க. அரை மணி நேரம் குடுங்க, பொடிச்சி பச்சத்தண்ணியில கரைச்சிடறேன்.”

“இன்னாய்யா, எனக்கே பாடம் நடத்திக்கினு கீற?”

“ஆசிட்டாவது நாலு சொட்டு...”

“ரீடிங் மாறிடும். சொன்னதைச் செய்.”

ரீடிங் மாறாது என்று வேடியப்பனுக்குத் தெரியும். கையெழுத்தாகாத ஆணையும் ஞாபகம் இருந்தது. கொதிக்க வைத்தான். தூள் அடியில் தங்க, மேலே இருந்த தெளிவைத்தான் பிள்ளைகள் எடுத்தார்கள். பதினாறு பேருக்கும் தாமிரத்தின் அளவு குறைவாகவே வந்தது; பதினாறு பேரும் தோற்றார்கள். பல்கலைக்கழகம் விளக்கம் கேட்டது.

விசாரணைக்கு நிர்வாகக் குழுவிலிருந்து அரங்கநாதன் வந்தார். “கரைக்கச் சொன்னேன். எப்படிக் கரைச்சான்னு நான் பார்க்கல,” என்று காசிநாதன் முதலிலேயே கையைக் கழுவிவிட்டார். வேடியப்பனோ உண்மையைக் கண்ணெதிரே காட்டிவிட்டால் போதும் என்று நம்பினான், பாவி. இரண்டு சோதனைக் குழாயில் துத்தம் எடுத்தான். ஒன்றில் பச்சைத்தண்ணீரும் அமிலமும், இன்னொன்றில் வெறும் தண்ணீர் விட்டுச் சுடரில் காட்டினான். சூடு பட்டது கலங்கியது. ஏன் கலங்குகிறது, வெப்பம் எங்கே போகிறது, அமிலம் என்ன செய்கிறது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். பட்டதாரிகள்கூட அவ்வளவு சுத்தமாகச் சொல்லமாட்டார்கள்.

அரங்கநாதன் கண்ணாடியைக் கழற்றினார். “பிரமாதம். அப்ப உனக்கு இது முன்னாடியே தெரியும்?”

“தெரியுங்க சார். ஒம்போது வருசமா தெரியும்.”

“தெரியாம செஞ்சிருந்தா எச்சரிச்சி வுட்டிருப்பேன். இது தெரிஞ்சே செஞ்சதாச்சே.”

“காசிநாதன் சாருதாங்க கொதிக்க வெக்கச் சொன்னாரு.”

“அவர் இல்லன்றாரு. அப்படியே சொல்லியிருந்தாலும், கெட்டுப்போகும்னு தெரிஞ்ச ஆளு நீ, மாட்டேன்னு சொல்லவேண்டியதுதானே?”

“சொன்னா வேல பூடுமே சார்,” என்றான் வேடியப்பன்.

அதையும் ஒப்புதல் வாக்குமூலமாக எழுதிக்கொண்டு, கீழே அவனிடமே கையெழுத்து வாங்கினார்கள்.